அகரம் கொட்டகையில் உலகம் அழிந்த கோடை

சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கிறவள் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்க்க மாட்டாள். ஆனால் அந்தப் படத்தைப் பற்றிய அபிப்பிராயம் ஒன்று விடாமல் அவள் காதில்தான் வந்து விழும். உங்களில் யாராவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால், அது தபால் ஆபீஸோ ரேஷன் கடையோ, நான் சொல்வது உங்களுக்கு நன்றாகவே புரியும். பொருளைச் செய்தவர் எங்கேயோ சுகமாக இருப்பார். திட்டு வாங்க நாம் இருப்போம்.

அறுபதுகளில் அகரத்துக்கு வெளியே, தரிசு நிலத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு தட்டி. என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையான பிறகு, பங்குச் சாமியார் சொன்னதன் பேரில் முதலாளி எனக்கு அங்கே வேலை கொடுத்தார். என் பிள்ளைகள் இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். இன்று அவர்கள் தலையிலும் நரை விழுந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஒரு கோடையில் அந்தப் படம் வந்தது. உலகமெல்லாம் எரிந்து அழிந்துபோன பிறகு, மிச்சம் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் தண்ணீர் தேடி அலைகிற கதை. தலைப்பு நீளம், யார் வாயிலும் நுழையவில்லை. எல்லாரும் ‘சாம்பப் படம்’ என்றார்கள். படப் பெட்டி வந்து இறங்கிய அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். “சவரியம்மா, போன ரெண்டு படமும் படுத்துருச்சு. இதுவும் ஓடலைன்னா கொட்டகையைப் பிரிச்சு வத்தலக்குண்டுக்குக் கொண்டு போயிருவேன். வாரதுன்னா நீங்களும் வாங்க” என்றார். படுத்திருக்கிற மனுஷரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, படிக்கிற பிள்ளைகளை நடுவில் நிறுத்திவிட்டு, நான் எங்கே போவது? அதனால் அந்தப் படத்தைப் பற்றி யார் எது சொன்னாலும், என் வீட்டைப் பற்றிச் சொன்ன மாதிரியே எனக்கு இருந்தது.

மேட்டுக்காடு

எங்கள் கொட்டகையில் ஒரே மெஷின். ஒரு பாகம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, ஆபரேட்டர் அந்தோணி அடுத்த பாகத்தை மாட்டுவார். அதுவரை ஜனங்கள் மணலில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டு பேசுவார்கள். சாம்பப் படம் நாலு பாகம். அபிப்பிராயம் முளைப்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

படத்தை எடுத்தவரிடம் காசு இல்லை என்பது முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும். கதாநாயகன் சாய்ந்தால் பாறை ஆடும். எரிந்துபோன பட்டணம் என்று காட்டினார்கள். அது அட்டை என்று கைக்குழந்தைக்கும் தெரியும். வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிற இடத்தில், ரைஸ்மில்லில் புடைக்கிற பெண் ஒருத்தி எழுந்து நின்று, “ஏ, அது உமிடீ!” என்று கத்தினாள். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போனால் நாலு பேரிடம் சொல்வார்கள் என்று எனக்கும் சந்தோஷம்தான். விளக்குப் போட்டதும் தக்காளிக் காட்டுக்காரி ஒருத்தி என் ஜன்னலுக்கு வந்தாள். “ஒலகம் அழிஞ்சதைக் காட்டவா இம்புட்டுச் சிரமப்பட்டாக? சித்திரையில எங்க மேட்டுக்காட்டுக்கு வந்திருந்தா, உமி கூட வாங்காம எடுத்துட்டுப் போயிருக்கலாமேக்கா!”

பூட்டு

படத்தில் தண்ணீர் தேடி அலைகிற கூட்டத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. கடைசியாக மிஞ்சிய ஒரு பானைத் தண்ணீரைக் குகைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். அகரத்தில் மாமியார் வீட்டுக்கு விருந்து வந்திருந்த மாப்பிள்ளை ஒருவர் அதைப் பார்த்தார். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறவராம்.

படம் முடிந்து மனைவியை அழைத்துப் போக எங்கள் வாசலுக்கு வந்தவர், “படம் எப்படிங்க?” என்று நான் கேட்டதும் முகமெல்லாம் பூரித்துப் போனார். நானும் இந்த ஒருவராவது நல்லதாகச் சொல்கிறாரே என்று காதைத் தீட்டிக்கொண்டேன். மறுநாளே பட்டறை ஆட்கள் ஆறேழு பேரைச் சைக்கிளில் கூட்டி வந்தார். அந்தப் புண்ணியவானை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அன்று வாசலில் அவர் சொன்னது இதுதான்: “பூமியில பத்துப் பேருதான் மிச்சம்ங்கிறாக. அதுலயும் ஒருத்தன் பூட்டுப் போட வேண்டியிருக்கு பாருங்க. எங்க தொழிலுக்கு அழிவே கெடையாதும்மா!”

உபதேசியார்

எனக்கு உள்ளூர ஒரு பயம். உலக முடிவைப் பற்றி யாரோ தன் இஷ்டத்துக்குப் படம் எடுத்திருக்கிறார். அதற்கு நான் டிக்கெட் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எந்த முகத்தோடு முழங்காலில் நிற்பது? அந்த வாரமே, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக் கொடுக்கிற எங்கள் கோயில் உபதேசியார், வெள்ளை ஜிப்பாவும் கையில் குடையுமாகக் கொட்டகைக்கு வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த டிக்கெட்டைக் கோணலாகக் கிழித்துவிட்டேன்.

நாலு பாகமும் குடையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார். ஆடுகிற பாறைக்கும் சிரிக்கவில்லை. முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்று முக்காட்டைச் சரி செய்துகொண்டேன். கண்டிப்பு வரும் என்று பார்த்தால், மனுஷர் ஒரு பெருமூச்சு விட்டார். “சவரியம்மா, சின்னப் பிள்ளையிலருந்து உலக முடிவை நெனைச்சு நெனைச்சுப் பயந்துக்கிட்டிருந்தேன். இம்புட்டுத்தான்னு தெரிஞ்சு போச்சு. இன்னைக்காவது நிம்மதியாத் தூங்குறேன்.”

தூறல்

சிரித்தவர்கள் எல்லாரும் முதல் மூன்று பாகத்துக்குத்தான் சிரித்தார்கள். மூன்றாம் பாகத்தில் தலைவர் மனசு மாறிக் கதவைத் திறந்து, பானையை வெளியே கொண்டுவந்து எல்லாருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார். முதல் வாய் ஒரு சின்னப் பெண்பிள்ளைக்கு. பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பார்கள். பிள்ளை தாயின் மடியில் தூங்கும். அதோடு அந்தப் பாகம் முடியும். நாலாம் பாகத்தில் அந்தப் பிள்ளை தாகத்தில் செத்துப்போகும். பிறகு தாய், பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். கடைசியில் தலைவர் மட்டும் மிஞ்சி மண்ணைத் தோண்ட, ஊற்று பீறிட்டு வரும். குடிக்க ஆள் இருக்காது. திரையில் ‘வணக்கம்’ போட்டுப் படத்தை முடித்துவிடுவார்கள். பெண்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். போய் அடுத்த வீட்டில், “அந்தப் படத்துக்குப் போயிராதடி” என்பார்கள். வாரக் கடைசியில் பெண்கள் பக்கம் பாய் போட்டுப் படுக்கலாம் போல இருந்தது. முதலாளி கொட்டகையைப் பிரிக்கிற யோசனையில் சுற்றி வந்து சவுக்குக் கம்புகளைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் காற்றும் தூறலும். மெஷின் ரூமில் ஒழுகியது. அந்தோணி படச்சுருள் டப்பாக்களை அவசர அவசரமாக இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி அடுக்கினார். அடுக்கியதில் வரிசை புரண்டுவிட்டது. இரண்டாம் பாகத்துக்குப் பிறகு நாலாம் பாகத்தை மாட்டிவிட்டார். பிள்ளை செத்தது, தாய் செத்தாள், எல்லாரும் செத்தார்கள், ஊற்று வந்தது, வணக்கமும் வந்தது. மிச்சம் ஒரு டப்பா இருக்கிறதே என்று அப்புறந்தான் அவருக்கு உறைத்தது. தூறலால் வெளியே போகாமல் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, மறைக்க வழியில்லாமல் மூன்றாம் பாகத்தை எடுத்து மாட்டினார். பார்த்தால், செத்தவர்கள் அத்தனை பேரும் உயிரோடு உட்கார்ந்து பானையில் தண்ணீர் குடிக்கிறார்கள்! பிள்ளைக்குத்தான் முதல் வாய். பாட்டுப் பாடுகிறார்கள். பெண்கள் பக்கம் குலவை கேட்டது. கனகாம்பரத் தோட்டக்காரி வெள்ளையம்மா, தாடிக்கொம்புப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே என்னிடம் வந்தாள். “அந்த ஊத்துத் தண்ணியைத் தெளிச்சு எல்லாத்தையும் எழுப்பிட்டாக போலக்கா. வணக்கம் சொன்னப்புறமும் ஒரு பாகம் காட்டுறாரே, ஒங்க முதலாளி தங்கமான மனுசன்!”

மறுநாள்

மறுநாள் வெள்ளையம்மா இரண்டு வண்டி நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் கதை சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள். அது தெரியாமல் அந்தோணி, முந்தின நாள் பட்ட அவமானத்தில், டப்பாக்களைச் சாக்கட்டியால் எண் போட்டு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். நாலாம் பாகத்தில் பிள்ளை செத்தது. வணக்கம் வந்தது. விளக்கும் வந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். “ஏலே அந்தோணி, கொன்னுட்டு எங்க போற? எழுப்பி விட்டுட்டுப் போலே!” என்று ஒருத்தி. “நேத்து வந்தவுகளுக்கு ஒரு படம், எங்களுக்கு ஒரு படமா?” என்று இன்னொருத்தி. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நான் வெள்ளையம்மாவைத் தனியே இழுத்து, “நேத்து நடந்ததுதான் தப்பு தாயி. கதையே இப்படித்தான்” என்றேன். அவள் சத்தம் போடவில்லை. போன வருஷம் காலராவில் அவளுடைய பெண்பிள்ளை போய்விட்டதை அப்போதுதான் சொன்னாள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதாம். கொடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இவள் கொடுக்கவில்லையாம். “என் பிள்ளை எந்திரிக்கப் போறதில்லக்கா. அது எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளையாவது எந்திரிச்சு ஒரு வாய் குடிக்கட்டுமே. அதைப் பார்க்கத்தான வந்தேன்” என்றாள். பக்கத்தில் நின்ற முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெஷின் ரூமைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அந்தோணி, வெளக்கை அணை. மூணாம் பாகத்தை இன்னொரு தடவை மாட்டு.”

கம்பெனிக்காரர்

அதற்கப்புறம் எங்கள் கொட்டகையில் ஒன்று, இரண்டு, நாலு, மூன்று என்பதே வரிசை. வடமதுரையிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பார்த்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். பாறை ஆடுகிற இடத்தில், “பிடி, பிடி, விழுகப் போகுது!” என்று மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தும். பிள்ளை எழுந்து வருகிற இடத்தில் குலவை விடும். என் பாடு நிம்மதி என்று இருந்தபோது, படக் கம்பெனி ஆள் மதுரையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். படத்தைத் தலைகீழாகக் காட்டுகிறோம் என்று தெரிந்தால் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். இனி எந்தப் படமும் தர மாட்டார். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. “இன்னைக்கு மட்டும் சரியா மாட்டிரவா?” என்று அந்தோணி கேட்டார். வெளியே வண்டிகள் வந்து நின்றுகொண்டிருந்தன. “வந்திருக்கிற பொம்பளைகளுக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் முதலாளி. நான் ஜன்னல் பலகைக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன்.

வணக்கம் வந்ததும் கம்பெனிக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். வேறு யாருமே எழுந்திருக்காததைப் பார்த்தார். மெஷின் ரூமைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். முடிந்ததும் பெண்கள் வாசல் பக்கம் வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் போகிறவர்களைப் பார்த்தார். “ஏம்மா, எந்த ஊர்லயும் இந்தப் படத்துக்கு ரெண்டாம் நாள் கூட்டம் இல்ல. என்ன செஞ்சீங்க?” என்று என்னைக் கேட்டார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. தூறலைச் சொன்னேன், வெள்ளையம்மாவைச் சொன்னேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் வண்டியேறுகிற பெண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பெட்டி கட்டுறப்ப இதே வரிசையில நம்பர் போட்டுக் கட்டச் சொல்லுங்கம்மா. அடுத்த ஊர்லயும் பிள்ளை பிழைக்கட்டும்.”

கொட்டகையை முதலாளி பிரிக்கவில்லை. சவுக்குக் கம்புகள் நட்ட இடத்திலேயே நின்றன. சர்க்கார் அனுமதியைப் புதுப்பிக்கக் கொஞ்ச நாள் மூடி வைப்பதோடு சரி. கோடை வந்தால் பெண்கள், “சாம்பப் படம் எப்பக்கா?” என்று அவர்களே கேட்டு வரவழைத்தார்கள். என் வீட்டுக்காரர் தன் கட்டிலிலேயே, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, நிம்மதியாகக் கண் மூடினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை ஒரு நாளும் விடவில்லை. படம் எடுத்த மகராசன் பெயர்கூட எனக்குத் தெரியாது. வண்டி கட்டி வந்த ஒவ்வொருத்திக்கும், அன்று பெய்த தூறலுக்கும் சேர்த்து நன்றி சொல்லாமல் நான் படுக்கப் போனதில்லை.

ஊரே உலகம் அழியக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்த காலத்தில், சாயங்காலமானால் அது தவறாமல் அழிய வேண்டுமென்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.