ஐயாவு கடைத் தொலைபேசியில் நவமணி சொன்னவை

வாய்மையை அறங்களின் தலைமேல் வைத்து வணங்குவது தமிழ் மரபு. அவ்வறத்தில் ஓர் அரிய கூறு உண்டு: தன் நெஞ்சின் நடுக்கத்தைத் தானே கண்டு, கூசாது, மறைக்காது, வாய் திறந்து உரைப்பது. அரசவையில் அவ்வாறு உரைத்தவரைப் பாட்டில் ஏற்றினோம்; தோட்டத் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தின் வாசலில் உரைத்தவளை வாயாடி என்றோம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவ்வறத்தைக் கைக்கொண்டு, அதற்கு விதிக்கப்பட்ட தண்டத்தையும் குறைவின்றிப் பெற்றுக்கொண்டவள் நவமணி.

எழுபத்தெட்டாம் ஆண்டு அவள் தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்தாள். பால்வெட்டுக்காரி, கை தேர்ந்தவள். வயிற்றில் சிசு அசையத் தொடங்கிய நாள்முதல் அவளுக்குள் ஒரு கலக்கமும் அசையத் தொடங்கிற்று. மரத்தின் முன்னே உளியை வைத்தவுடன் நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், மங்குக் கிண்ணத்தில் சொட்டும் வெண்பால் கண்ணுக்குச் செந்நிறமாய்த் தோன்றும். அவளுடைய அக்காள் பிரசவத்தில் குருதி நில்லாமல் இறந்தவள். அந்த நினைவு சோற்றுத் தட்டிலும் வந்து உட்கார்ந்தது. உண்ண மாட்டாள், குழாயடிக்குப் போக மாட்டாள், தலை வாரவும் மனம் எழாது.

ஒருநாள் மாமியார் கருப்பம்மாளிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

“அத்தை, நானும் அக்கா மாதிரி போயிருவேனோன்னு பயமா இருக்கு.”

கருப்பம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “அடி பாவி! வாயக் கழுவு மொதல்ல. புள்ளத்தாச்சி வாயில வந்தது நடக்கும்டி. இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்டுல கூடாது, ஆமா.”

அவள் கொடியவள் அல்லள். கர்ப்பிணியின் வாய்ச்சொல் பலிக்கும் என்பது அந்த லயத்தில் எவரும் ஐயுறாத ஒன்று. ஆதலால் வளைகாப்பு வரை நல்ல சொல்லே பேசப்பட்டது. அச்சம் என்று ஒன்று உலகில் இல்லாததுபோல் எல்லாரும் நடந்துகொண்டனர். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரசர் சத்து மருந்து கொடுத்து, “ஒடம்புல ஒண்ணும் இல்லலா, நல்லா சாப்பிடு” என்று அனுப்பிவைத்தார்.

ஈப்போவில் ஒரு சிறிய மகப்பேற்று மனைக்குப் பரிசோதனைக்குச் சென்றபோதுதான், வயிற்றைத் தொட்டுப் பார்த்த தாதி கெர்ட்ரூட் அவள் முகத்தையும் பார்த்தாள். தாதியரை அங்கே மிஸ்ஸி என்பர்.

“புள்ள நல்லா இருக்கு. நீ எப்படி இருக்க?”

அப்படி ஒரு கேள்வி தன்னை நோக்கி வரும் என்று நவமணி எண்ணியதில்லை. அழுதாள். அழுது முடித்தபின் எல்லாவற்றையும் சொன்னாள். கெர்ட்ரூட் வாயைக் கழுவச் சொல்லவில்லை. “இன்னும் சொல்லு” என்றாள்.

வாரந்தோறும் பேருந்தேறி ஈப்போவுக்கு வர இயலாது. தோட்டத்து முச்சந்தியில் ஐயாவுவின் மளிகைக் கடையில் தொலைபேசி இருந்தது. வெள்ளிக்கிழமை பாலை எடைபோட்டு முடித்தபின் மிஸ்ஸி அங்கே கூப்பிடுவதென்று ஏற்பாடாயிற்று. உப்பு மூட்டைக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்கும் நடுவில் நின்று நவமணி பேசுவாள்.

“இந்த வாரம் எப்பெல்லாம் படபடன்னு வந்துச்சு?”

“மரத்துக்கிட்ட போனா வருது மிஸ்ஸி.”

“அப்ப மனசுல என்ன ஓடுச்சு?”

“நான் செத்துப் போயிருவேன்னு.”

“சரி. அது நெனப்பு. இப்ப நடந்தத மட்டும் சொல்லு. ஒங்கக்காவுக்கு என்ன ஆச்சு?”

“வீட்டுலயே பெத்தா. ரத்தம் நிக்கல. ஆத்துல வெள்ளம், லோரி வரல.”

“ஒனக்கு?”

நவமணி யோசித்தாள். “எனக்கு ஆஸ்பத்திரி பாத்து வெச்சிருக்கு. ஐயாவு அண்ணன் வேன் இருக்கு.”

“அப்ப ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணு இல்ல மிஸ்ஸி.” சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் சிரித்தாள். மறுமுனையிலும் சிரிப்பொலி கேட்டது.

இப்படித்தான் அந்த வைத்தியம் நடந்தது. நினைப்பை வேறாகவும் நிகழ்வை வேறாகவும் பிரித்து வைத்துப் பார்ப்பது. விட்டுவிட்ட சிறு செயல்களை ஒவ்வொன்றாய் மீண்டும் எடுப்பது. ஒரு வாரம் தலை வாரிப் பூ வைத்துக்கொள்ளச் சொன்னாள் மிஸ்ஸி. மறு வாரம் குழாயடியில் நின்று நாலு பேரோடு பேசச் சொன்னாள். அச்சம் அறவே ஒழியவில்லை. ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டென்று நவமணி கண்டாள். சோறு இறங்கிற்று. இன்னொன்றையும் மிஸ்ஸி திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்: “ரத்தம் பட்டா வலிக்காகக் காத்திருக்காத. ஒடனே கெளம்பி வந்துரு.” கணவன் கார்த்திகேசு தலையாட்டினான், ஐயாவுவிடம் வேனுக்கும் சொல்லி வைத்தான்.

ஐயாவு கெட்டவர் அல்லர், வாய் நிற்காதவர். கூப்பிடுகிற மிஸ்ஸி முன்பு எங்கே வேலை செய்தாள் என்று ஒருநாள் அவரே தொலைபேசியில் கேட்டிருந்தார். அவளும் உண்மையைச் சொல்லியிருந்தாள்.

“கருப்பம்மா அக்கா,” என்றார், மிளகாய் நிறுத்துக்கொண்டே, “ஒங்க மருமக போன்ல சாவப் பத்தியே பேசுது. அந்த மிஸ்ஸி வேற, தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்தவளாம்லா!”

மனநோய் மருத்துவமனை இருக்கும் ஊர் அது. பேராக் மாநிலம் முழுவதும் அதன் பெயர் ஒரு வசை. கருப்பம்மாள் மிளகாயை வாங்காமல் வீடு திரும்பினாள்.

“என் குடும்பத்துல பைத்தியமாடி இருக்கு? புள்ளய வயித்துல வெச்சுக்கிட்டு வாராவாரம் எமனக் கூப்புடுறியா?”

“அத்தை, சொன்னா பயம் கொறையுது. பாருங்க, இப்ப சாப்பிடுறேன்ல?”

“நீ சொல்லுடா!” என்று மகன் பக்கம் திரும்பினாள்.

கார்த்திகேசு கைலி முனையைத் திருகினான். “விடு மணி. அம்மா மனசு கஷ்டப்படுது. போன் வேணாம்.”

மறு வெள்ளியன்று மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றப்பட்டது. பிள்ளை பிறக்கும் வரை சாவென்றும் இரத்தமென்றும் வாயெடுப்பதில்லை என்று அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்யும்படி மாமியார் கேட்டாள். கணவனும் கேட்டான். அதே வேளையில் கடைத் தொலைபேசி மணியடித்து ஓய்ந்ததாக ஐயாவு பின்னர்ச் சொன்னார். நவமணி கையை நீட்டி அடித்தாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு முற்பகல், வலியேதும் இல்லாமல் குருதி கண்டது. நவமணி ஒரு கணம் சுவரைப் பற்றி நின்றாள். பிறகு சத்தியத்தை முறித்தாள்.

“அத்தை, ரத்தம் போகுது. வேனக் கூப்புடுங்க.”

கருப்பம்மாள் சேலையைப் பார்த்தாள். “வலிக்குதா?”

“வலிக்கல. வலிக்காட்டியும் போவணும்னு மிஸ்ஸி சொன்னாங்க.”

“வலி இல்லாம ஏதுடி புள்ள? கொஞ்சம் காட்டத்தான் செய்யும், நான் பெக்காததா? கற்பூரத்துல அடிச்ச வாயால அதச் சொல்லிட்டியே! டேய், மொதல்ல பூசாரியக் கூட்டியா. தோஷம் கழிக்காம இவ வாசப்படி தாண்டக் கூடாது.”

“மச்சான், வேன்! ஐயாவு அண்ணன் கடைக்கு ஓடுங்க!”

கார்த்திகேசு சைக்கிளை எடுத்தான். இடப்பக்கம் கடை, வலப்பக்கம் கோயில். அவன் வலப்பக்கம் மிதித்தான்.

எலுமிச்சம்பழம் அறுத்து, திருநீறு பூசி, வாயில் தீர்த்தம் விட்டு முடித்தபின் வேன் வந்தது. ஈப்போவைச் சேர்ந்தபோது தாயின் உயிர் மட்டும் எஞ்சிற்று. அரைமயக்கத்தில் கிடந்தவள் திரைக்கு அப்பால் மருத்துவர் கணவனிடம் மலாய் மொழியில் சொன்னதைக் கேட்டாள்: குருதி கண்டவுடன் புறப்பட்டிருந்தால் ஆண்பிள்ளை பிழைத்திருக்கும். கணவன் “யா, டாக்டர்” என்றான். நடைக்கூடத்தில் காத்திருந்த தன் தாயிடம் போய், “விதிம்மா” என்றான்.

அந்தச் சொல்லைக் கருப்பம்மாள் தன் அறிவுக்கு எட்டியவாறு விளங்கிக்கொண்டாள். மருமகளின் வாயே பிள்ளையைத் தின்றது. லயமும் அவ்வாறே விளங்கிக்கொண்டது. கெர்ட்ரூட் ஒருமுறை பேருந்தேறித் தோட்டத்துக்கு வந்தாள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டாள். அதற்குப் பின் எந்த வளைகாப்புக்கும் நவமணியை யாரும் அழைக்கவில்லை. குழாயடியில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தனர். கார்த்திகேசு இவையெல்லாம் அறிவான். ‘டாக்டர் சொன்னதை இன்று சொல்வார், நாளை சொல்வார்’ என்று அவள் காத்திருந்தாள்.

தோட்டம் விற்கப்பட்டபின் குடும்பம் ஈப்போவுக்குப் பெயர்ந்தது. நவமணி ஆடை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். எண்பத்து மூன்றில் மறுபடி கருவுற்றபோது பழைய நடுக்கம் திரும்பி வந்தது. கெர்ட்ரூட் அப்போது மணமாகி லூமுட்டுக்குப் போயிருந்தாள். மதிய உணவு நேரத்தில் தொழிற்சாலை வாசலிலிருந்த பொதுத் தொலைபேசியில் சில்லறை போட்டு நவமணி அவளோடு பேசினாள். சாவு, இரத்தம், அக்கா, இறந்த மகன் என்று எதையும் ஒளிக்காமல் பேசினாள். வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாள் நெருங்கியதும் எவரிடமும் சொல்லாமல் தானே துணிப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாள். பெண்குழந்தை, நலமாகப் பிறந்தது.

பெயர் சூட்டும் நாளில் வந்திருந்த உறவினர் நடுவே கருப்பம்மாள் பேத்தியை மடியில் வைத்துப் பூரித்தாள்.

“இந்தத் தடவ வாயக் கட்டிக்கிட்டு இருந்தா. பாரு, புள்ள தங்குச்சு.”

நவமணி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை வைத்தாள்.

“அத்தை, அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாருன்னு ஒங்க மவனக் கேளுங்க.”

கருப்பம்மாள் மகனைப் பார்த்தாள். “என்னடா சொன்னாரு?”

கார்த்திகேசு இலையை விட்டுத் தலையெடுக்கவில்லை. “அதெல்லாம் இப்ப எதுக்குலா. நல்ல நாள்ல...”

கிழவி இன்னும் சற்று நேரம் பார்த்தாள். மகன் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். கண்டதை அவள் விரும்பவில்லை. “நல்ல நாள்லகூட இவ வாய் அடங்காது,” என்று குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். உறவினர் மோர் கேட்டனர். நவமணி ஊற்றினாள். அதன்பின் அந்த வீட்டில் அக்கேள்வி எழவே இல்லை.

எல்லாம் வல்ல இறைவன் அக்குடிக்கு அருள்க. அவ்வீட்டு உலையில் அரிசி குறையாதிருக்க. முதியவளின் இறுதிக்காலம் நோவின்றிக் கழிக. உண்மையை விழுங்கியவனுக்கு ஒருநாள் நா எழுக. அச்சிறுமி வளர்ந்து, வயிற்றில் ஓர் உயிரைத் தாங்கி, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லும் நாளில், அவளருகே அமர்ந்து கேட்பவர் நிறைந்த மனையாக அவ்வீடு விளங்குக.