மரத்துக்கு டச்சிங்

அவளுக்குத் தைலக்காரி என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தவள், கதவுக்குப் பின்னால் தொங்கிய, தைல மர வாசம் அடித்த கேமரா பையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா, உன் பொண்டாட்டி போட்டோ எடுக்கப் போறாளா, தைலம் காய்ச்சப் போறாளா?" என்று கேட்டாள். தம்பி சிரித்தார். டீ கொடுக்க வந்த பக்கத்துக் கடைக்காரனும் சிரித்தான். மறுநாளே கடைத்தெரு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நாலு பேருக்குத் தலைவலி போனா நல்லதுதானே" என்றாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அவர்களுடைய போட்டோ ஸ்டுடியோ. கீழே கடை, மேலே வீடு. படம் எடுப்பது அவள் வேலை. எடுத்த படத்தைச் சுத்தம் செய்வது கணவர் வேலை. அந்தத் தொழிலில் அதற்கு டச்சிங் என்று பெயர். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, பல்லில் கறை என்று எதைக் கொடுத்தாலும் இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவார். கல்யாண வீடுகளில் அவர் கைக்கு அவ்வளவு மவுசு. தெருவில் அவருக்குப் பெயரே டச்சிங் அண்ணன்தான். தான் அழிக்க முடியாத குறை இன்னும் பிறக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொள்வார். அதில் பொய்யும் அதிகம் இல்லை.

அவள் எடுப்பது பெரும்பாலும் அடையாள அட்டைப் படங்கள். வெள்ளைச் சுவர், சுழலும் ஸ்டூல், "தாடையக் கொஞ்சம் இறக்குங்க, காது தெரியட்டும், சிரிக்காதீங்க." இந்த மூன்று வாக்கியங்களிலேயே அவளுடைய பாதி ஆயுள் போயிருந்தது. மரங்களிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சர்க்கரை வியாதிதான். டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதற்குத் தோதாக, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் என்கிற தைல மரங்கள். பழுதுபார்த்து வந்த லென்ஸ் ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் கையோடு கொண்டுபோனாள். எதிரில் நின்ற அடிமரத்தை, அட்டைக்கு எடுப்பது போலவே நேருக்கு நேர் நின்று எடுத்தாள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தவள், கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இத்தன வருஷத்துல கண்ணு சிமிட்டாத முதல் கஸ்டமர் இவர்தாங்க."

அவர் எட்டிப் பார்த்து "ம்" என்றார். அதற்குப் பிறகு அவள் காட்டிய எல்லா மரங்களுக்கும் அவர் அந்த ஒரு "ம்"மைத்தான் கொடுத்துவந்தார். பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. வாயால் பாராட்டுவது அவருக்கு வராது.

அவள் பாராட்டுக்குக் காத்திருக்கவும் இல்லை. மழை விட்ட காலைகளில் கடையைத் திறப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். நனைந்த பட்டையில்தான் நிறம் மேலே வரும் என்பாள். ஒவ்வொரு மரத்தையும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், நேர்முகமாக எடுப்பாள். வெயில் முகத்தில் அடிக்கும் மரத்துக்கு ஸ்டுடியோவின் வெள்ளைக் குடையை விரித்துப் பிடிப்பாள். பட்டை உரிந்து தொங்கினால் அதை இழுத்துவிட மாட்டாள், ஒதுக்கியும் வைக்க மாட்டாள். அட்டைப் படத்துக்கு வந்தவரின் தழும்பை யார் மறைப்பார்கள்?

இப்படிச் சேர்ந்த படங்களுக்கு ஒருநாள் வழி பிறந்தது. ஸ்கேன் எடுக்கப் போன புதிய மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் நீளச் சுவர் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்துக் கடையில் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவள், அன்று நேராக நிர்வாகியம்மாவின் கதவைத் தட்டி, போனில் இருந்த மரங்களைக் காட்டினாள். கூடம் மாதக் கடைசியில் திறக்கிறது, அதற்குள் படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தால் மாட்டலாம் என்று அந்த அம்மா சொன்னதும் அவளுக்குப் படியில் கால் பாவவில்லை. அட்டை அளவைத் தாண்டி அவள் எடுத்த எந்தப் படமும் அதுவரை வெளியார் கண்ணில் பட்டதில்லை. "அந்தச் சுவத்துல ஏறிட்டா போதுங்க. அப்புறம் வாழ்நாள் பூரா காது தெரியட்டும்னு சொல்லிட்டு இருக்கேன்" என்று அவரிடம் சொன்னாள்.

நல்லவற்றைப் பொறுக்கி, கடைக் கம்ப்யூட்டரில் 'சுவர்' என்ற பெட்டிக்குள் போட்டாள். அங்கேதான் வந்தது வினை.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டே பெட்டிகள். ஒன்று 'அட்டை', இன்னொன்று 'சுவர்'. அட்டையில் இருப்பதை யாரும் தொடக் கூடாது. ஒரு மச்சத்தை எடுத்தால் ஆளே மாறிப்போவான். சுவரில் இருப்பது கல்யாணப் படம், பிறந்தநாள் படம், காலமானவர் படம். அதில் ஒரு மச்சத்தை விட்டுவைத்தால் பெண்ணின் அம்மா கடைக்கு வந்துவிடுவாள். ஆகவே சுவருக்குள் விழும் எல்லாமே அவர் கை வழியாகத்தான் வெளியே போகும். அந்த ஏற்பாட்டைச் செய்ததே அவள்தான். மருத்துவமனைச் சுவருக்கான படங்களை வேறு எங்கே வைப்பது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வைத்துவிட்டு, முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட அக்காவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய்விட்டாள். அவர் பெட்டியைத் திறந்தார். மரங்கள் வரிசையாக நின்றன. இத்தனை நாள் "ம்" சொன்னதற்கெல்லாம் சேர்த்து இதில் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு வேகம் வந்தது. வந்த வாடிக்கையாளர்களைக்கூட நாளைக்கு வரச் சொன்னார். கருப்புப் புள்ளிகளை எடுத்தார். பூச்சி ஊர்ந்து போட்ட கோணல் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். கிழிந்து தொங்கிய நார்களை ஒட்ட வெட்டினார். அழுக்குச் சிவப்பாக வழிந்து காய்ந்திருந்த பிசினைத் துடைத்து எடுத்தார். மணப்பெண்களுக்குக்கூட அவர் அப்படி உழைத்ததில்லை. ஒவ்வொன்றையும் முடித்து, பழைய படத்தின் மேலேயே சேமித்தார். பருவோடு இருக்கும் படத்தை இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லையே. கேமராவின் கார்டையும் அந்த வாரமே அழித்து ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அவள் போனில் இருந்தவை சுவர் அளவுக்குப் பெரிதாக்க முடியாத சின்னப் பிரதிகள்.

அவள் திரும்பி வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தார். அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் படத்தில் நின்றாள்.

"இது யாருங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? உன் மரந்தான்."

"என் மரம் இல்ல. சோப்பு விளம்பரத்துக்கு வந்த மரம்." அவள் திரும்பிப் பார்த்தாள். "பழசு எங்க?"

அவர் மவுஸை வாங்கிப் பெட்டியை மேலும் கீழும் தள்ளினார். பழசு எதுவும் அதில் இல்லை.

அவள் கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மேலே போய் டீ போட்டாள். அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மெதுவாகப் பேச்சை எடுத்தார். எந்த மரத்தில் எங்கே என்ன இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும், எல்லாவற்றையும் திரும்ப வரைந்து வைத்துவிடுகிறேன் என்றார். வரைந்தும் இருப்பார், அந்தக் கைக்கு அது முடியும்.

"மச்சம் இல்லாதவனுக்கு மச்சம் வரைஞ்சு அட்டை போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

காலையில் அவள் பையை எடுத்தபோது அவரும் செருப்பை மாட்டினார். தண்ணீர்த் தொட்டி சாலைக்கு அவர் நடந்து போவது அதுதான் முதல் தடவை. காலடியில் நொறுங்கிய சத்தம் கேட்டுக் குனிந்தார். மரத்தடி எங்கும் உரிந்த பட்டை, சுருள் சுருளாக, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தார். மரங்கள் பழைய பட்டையை ஒட்டுமொத்தமாகக் கழற்றிப்போட்டுவிட்டு, மாசு மரு இல்லாமல், அவர் டச்சிங் செய்த படங்களைப் போலவே நின்றன.

அவருக்கு வாயை அடக்க முடியவில்லை. "நான் பண்ணதத்தான் மரமும் பண்ணிருக்கு" என்றார், சத்தம் குறைவாக.

அவ்வளவு கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது தானா உதிர்த்துச்சு. நீங்க உரிச்சிட்டீங்க" என்றாள். பிறகு குடையை அவர் கையில் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினாள்.

கடையில் ஒரு முகத்தை ஒரு நிமிஷத்தில் முடித்து அனுப்புகிறவள், இங்கே கேமராவைத் தொடாமலே நின்றுகொண்டிருந்தாள். மேகம் வரும்வரை நின்றாள். வந்த மேகம் தடிமனாக இருந்ததால் அது போகும்வரையும் நின்றாள். அதற்குள் அவர் பார்க்க ஆரம்பித்திருந்தார். மரம் என்றால் பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், முகத்தின் நிறத்தைத் திருத்தியே பெயர் எடுத்தவர், இந்தத் தோலில் வெண்ணெய் நிறத்துக்குப் பக்கத்தில் இளம்பச்சையும், அதை ஒட்டி ஒரு மெல்லிய ரோஜா நிறமும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் திணறினார். புதுத் தோலிலும் ஏற்கெனவே ஓர் எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மரத்தில் பழைய காயத்திலிருந்து புதிதாகப் பிசின் கசிந்து, சிவந்து, சொட்டி விழும் நிலையில் நின்றது. அந்த மரத்துக்கு முன்னால்தான் அவள் அதிக நேரம் நின்றாள்.

அன்று எடுத்த பட்டைப் படங்கள் சுவரில் பாதிக்குக்கூடக் காணாது. மீதிக்கு என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் தலையில் பொடியாக என்னவோ விழுந்தது. எடுத்துப் பார்த்தால், மிளகு அளவில் கூர்மையான ஒரு தொப்பி. அவள்தான் விளக்கினாள். இந்த மரத்துப் பூவுக்கு வெளியில் தெரிகிற மாதிரி இதழ் கிடையாது. மொட்டு இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டிருக்கும், நேரம் வந்ததும் தள்ளிவிடும், உள்ளே மடங்கியிருந்த வெள்ளை நூல்களெல்லாம் விரிந்துகொள்ளும், அவ்வளவுதான் பூ. ஆனால் எல்லாம் உச்சியில். இத்தனை காலத்தில் கீழே விழுந்த கொத்துகளைத் தவிர, பூத்த இடத்தில் வைத்து ஒன்றைக்கூட அவள் எடுத்ததில்லை. ஏணி எட்டாது.

அவர் அங்கிருந்தே கிரேன்காரனுக்குப் போன் போட்டார். கல்யாண மண்டபங்களில் கேமராவை மாட்டி, கூட்டத்துக்கு மேலே ஆட்டி ஆட்டிப் படம் பிடிக்கும் நீளக் கம்பி அவனிடம்தான் இருந்தது.

"எந்த மண்டபம் அண்ணே?"

"மண்டபம் இல்லப்பா. தண்ணித் தொட்டி ரோடு. மரத்துக்கு."

"மரத்துக்கா? மாப்பிள்ளை யாரு?"

கேலி செய்தாலும் வந்து சேர்ந்தான். மினி லாரியின் மேல் கம்பியை நிறுத்தினார்கள். அதன் அடிப்பக்கத்து எடையை அழுத்திப் பிடித்து ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. அவள் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் மேலே, கொஞ்சம் இந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உச்சியில் தேனீக்களின் இரைச்சல் லாரி வரைக்கும் கேட்டது. காற்று நிற்கவே இல்லை. அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினாள். கிரேன்காரன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டான். காற்று ஒரு மூச்சு அடங்கியது. அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். ஒரே கொத்தில் ஒரு மொட்டு தொப்பியைப் பாதி தூக்கியிருந்தது. இன்னொன்று அப்போதுதான் தள்ளிவிட்டு, கசங்கிய நூல்களோடு இருந்தது. மூன்றாவது முழுதாக விரிந்து, ஒரு தேனீ அதற்குள் இடுப்புவரை புதைந்திருந்தது.

திரையை எட்டிப் பார்த்த அவர் "ம்" சொல்ல வாயெடுத்தார். அது போதாது என்று தோன்றியது. "எப்படிம்மா காத்திருந்த?" என்றார். அவள் காதில் அது விழுந்ததோ இல்லையோ, அடுத்த கிளையைக் காட்டினாள்.

படங்களை அச்சிட்டது அவர்தான். திரையில் அவை ஓடும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மாதக் கடைசியில் கூடத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்கள். நிர்வாகியம்மா பூக்களைப் பார்த்து, பக்கத்து அறையிலிருந்த நர்ஸ்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பிசின் வழியும் மரத்துக்கு வந்தபோது மட்டும் முகம் மாறியது.

"இது ரத்தம் மாதிரி இருக்கே. ஆஸ்பத்திரி பாருங்க. இந்தச் சிவப்ப மட்டும் எடுத்துட்டா நடுச் சுவத்துலயே மாட்டிடலாம்." டச்சிங் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க இதுல கில்லாடியாமே. எங்க அண்ணன் பொண்ணு கல்யாண ஆல்பம் நீங்க பண்ணதுதான்."

தைலக்காரி படத்தைப் பார்த்தபடி நின்றாள். வேண்டாம் என்று சொன்னால் சுவர் போய்விடுமோ என்ற பயம் அவள் முகத்திலேயே தெரிந்தது. சரி என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. கணவருக்கோ அது இரண்டு நிமிஷ வேலை.

"எனக்கு அது வராதுங்கம்மா" என்றார் அவர்.

"என்னங்க, அந்தப் பொண்ணுக்கு நெத்தித் தழும்பையே காணாம பண்ணிட்டீங்க."

"அது மூஞ்சிம்மா. மரத்துக்கு டச்சிங் எனக்குத் தெரியாது."

அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து தைலக்காரி கேட்டதே இல்லை. சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணுவது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிர்வாகியம்மா கூடத்தின் கடைசிக் கதவைக் காட்டினார். "சரி, இத எக்ஸ்ரே ரூம் வாசல்ல மாட்டுங்க. அங்க வர்றவங்க எப்படியும் பயந்துதான் வருவாங்க."

பூக்களும் புதுத் தோல் மரங்களும் நீளச் சுவரில் ஏறின. கடைசியாக எக்ஸ்ரே அறைக்குப் போனார்கள். பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் ஸ்டூல் மேல் ஏறி ஆணியில் படத்தை மாட்டி, இரண்டு ஓரத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"சாஞ்சிருக்கா பாருங்க."

அவர் பின்னால் தள்ளிப் போய், தலையைச் சாய்த்து, மெதுவாகப் பார்த்தார்.

"படம் நேராத்தான் இருக்கு. மரந்தான் சாஞ்சிருக்கு."

"அப்ப நான் இறங்கறேன்" என்றாள். "ஸ்டூலப் பிடிங்க."