நான்காவது மடிப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தோம். பதினெட்டுப் படி ஏற வேண்டும். ஐவரில் ஒருவர் சரித்திர வாத்தியார். ஞாயிறு மதியங்களில் அவர் தரையில் சாக்பீஸால் மலைக்கோட்டையையும் அதைச் சுற்றியுள்ள பாதைகளையும் வரைவார். புளியங்கொட்டைகள்தான் படைவீரர்கள். ஆளுக்கொரு வேடம்: கோட்டைத் தளபதி, கும்பினி கர்னல், கன்னிவாடிப் பாளையக்காரர், ஒற்றன், தானிய வியாபாரி. முப்பது சுற்றுக் கோட்டையைக் காத்தால் தளபதிக்கு வெற்றி.

வேடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். ஆறு ஆட்டங்களில் எனக்கு நான்கு முறை வியாபாரி, இரண்டு முறை ஒற்றன். தளபதி ஒருமுறைகூட வரவில்லை. ஏழாவது ஆட்டத்துக்கு முன் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. எனக்கு இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதுவது என் வேலை. நான்கு சீட்டுகளை மூன்று முறை மடித்தேன். தளபதிச் சீட்டை மட்டும் நான்கு முறை. விரல் பட்டால் தெரியும்.

வயதுப்படி எடுப்பது வழக்கம், நான் நான்காவது. முன்னால் மூன்று பேர் செம்புக்குள் கை விட்டார்கள். எனக்குத் தளபதிச் சீட்டு மிஞ்ச ஐந்தில் இரண்டு பங்குதான் வாய்ப்பு. கை விட்டேன். தடித்த சீட்டு உள்ளேயே கிடந்தது.

"ஏலே, தளபதி நீதானா? அம்புட்டுக் கொட்டையையும் எண்ணி எண்ணியே எங்களைக் கொன்னுருவியே!" என்றான் கர்னல் சீட்டு எடுத்தவன். சின்னாளப்பட்டிக்காரன், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவன்.

எண்ணத்தான் செய்தேன்: நெல்லை, தண்ணீரை, ஆளை. முப்பதாவது சுற்று முடிந்தபோது கோட்டை என்னிடமே இருந்தது. தெற்குச் சரிவில் என்னிடம் மிஞ்சியது இரண்டே கொட்டை. கர்னல் அந்தப் பக்கம் வரவே இல்லை.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் வந்து அந்தக் கர்னலே சொன்னான்:

"அப்பு, போற ஊர்லயாவது சீட்டை ஒழுங்கா மடி. நாங்க மூணு பேரும் அதைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வேற எடுத்தோம். போற பய, ஒரு தடவை ஆண்டுட்டுப் போகட்டும்னுதான்."

சிரித்தான். பஸ் நகர்ந்துவிட்டது.

சீட்டை விட்டுக்கொடுத்தார்கள், சரி. தெற்குச் சரிவையுமா? பஸ் நகரும் முன் அதைக் கேட்க எனக்கு அரை நிமிஷம் இருந்தது. கேட்கவில்லை. இன்றும் படுத்தால் அந்த இரண்டு கொட்டைகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.