உயிரோடிருந்தவள் பெயரை அடித்தேன்

வருகைப் பதிவேட்டில் நான் போட்ட அந்தச் சிவப்பு மைக் கோடு இரண்டு அங்குலம்கூட இராது. அடிக்கோல் வைத்து, மை சிந்தாமல், அழகாகத்தான் போட்டேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் புதிதாக வந்த திமிர் அப்போது எனக்கு. நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. ஒரு சிறுமி பல வாரமாக வரவில்லை. “இது குளிர்காய்ச்சல் காலம், கொஞ்சம் பொறுங்க தம்பி” என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். நான் கேட்டால்தானே! கோடு போட்டதோடு நிற்காமல், அந்தச் சிறுமியின் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளிடம், “அவ பேரை அடிச்சாச்சு, அவங்க ஊட்டுல சொல்லிருங்க” என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலை அரியூர் நாட்டில் ஒரு கூரைப் பள்ளி. தலைமையாசிரியரும் நானும் மட்டுமே வாத்தியார்கள், இருவருமே சமவெளியிலிருந்து ஏறி வந்த கீழ்நாட்டுக்காரர்கள். சரிவு சரிவாக ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி அவர் சேர்த்த பிள்ளைகளில் பெண் அவள் ஒருத்திதான். பெயரை அடிப்பது எங்களுக்கு எழுத்து வேலை. அங்கே அடிப்பது என்றால் வேறு. காத்து கருப்பு அடிக்கும், சாமி அடிக்கும்; அடித்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான். நான் அனுப்பிய சேதி அந்த வீட்டில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, கடவுள் வாழ்த்து முடியும் முன்பே வந்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், கையில் கொடுவாள். மலையில் யாரும் கொடுவாள் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், என் கண் அந்தக் கொடுவாள்களை விட்டு நகரவில்லை. சிறுமியின் தகப்பனார் சத்தம் போடாமல் தணிந்த குரலில்தான் கேட்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

“ஏனுங்க பெரிய வாத்தியாரே, உசுரோட இருக்கற புள்ள பேரை அடிச்சுப் போட்டீங்களாமா? சேதி வந்த அன்னிக்கு சுருண்டு படுத்தவ, இன்னும் கண்ணு தொறக்கலீங்க. அந்தப் பொஸ்தகத்தைக் குடுங்க, கொளுத்தோணும். கோடு போட்ட சின்ன வாத்தியாரையும் அனுப்புங்க.”

நான் கரும்பலகைக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நகர்ந்தேன். தலைமையாசிரியர் கைகூப்பினார். “கோடு போடச் சொன்னது நானுங்க” என்றார். பச்சைப் பொய்! “பெத்த மனசு பதறும்படி ஆயிப்போச்சு, அது எங்க தப்புத்தானுங்க. ஆனா பொஸ்தகத்தையும் குடுக்க மாட்டேன், வாத்தியாரையும் குடுக்க மாட்டேன். ரெண்டையும் நானே உங்க ஊட்டுக்குக் கொண்டாரேன். அடிச்ச கையே திருப்பி எழுதட்டும்.”

இன்றே மலையிறங்கி ஓடிவிடுகிறேன் என்று அவர் காதோடு கெஞ்சினேன். “ஓடிட்டீங்கன்னா அந்தப் புள்ளைய நீங்கதான் கொன்னீங்கன்னு ஆயிரும். நடங்க” என்றார். பிற்பாடு நானும் தலைமையாசிரியராகிப் பல பெற்றோர்களின் கோபத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் கீழ் வேலை பார்க்கும் ஆசிரியரைக் கைவிடவும் கூடாது, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறியிருக்கிறேன். அன்றைய நடை அளவுக்கு எதுவும் நீளமாக இருந்ததில்லை.

குனிந்து நுழைய வேண்டிய வாசல். உள்ளே அடுப்புப் புகை. தலைமையாசிரியர் என்னை வாசலோரம் உட்காரவைத்துவிட்டு, தாம் உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தார். பாயில் கிடந்தவளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தாம் கொண்டுவந்திருந்த, குளிர்காய்ச்சலுக்கான கொயினா மருந்தைக் கரைத்துப் பெற்றவளிடம் கொடுத்துப் புகட்டச் சொன்னார். பிறகு, அடித்த கோட்டுக்குக் கீழே அவள் பெயரை நான் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக ஓடியது. மேலதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்; பக்கத்திலேயே தம் கையெழுத்தையும் போட்டார்.

அதோடு விட்டது என்று நினைத்தேன். “இப்ப ஆஜர் கூப்பிடுங்க” என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கண் திறக்காமல் கிடப்பவள் பதில் சொல்லாவிட்டால்? சுவரோரமெல்லாம் ஆட்கள். கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. தகப்பனாரின் மூச்சு மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவை, வகுப்பில் வரும் அதே அதட்டல் குரல் எப்படியோ வந்துவிட்டது. பாயிலிருந்து நூலாக ஒரு சத்தம்.

“உள்ளேனுங்க.”

பெற்றவள் ஓவென்று அழுதாள். காய்ச்சல் விட்டு அவள் பள்ளிக்கு வர இன்னும் பல நாள் ஆயிற்று. ஆனால் வந்தாள்.

திரும்பும் வழியில் தலைமையாசிரியர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தபோது அவர் கை என் கையைவிட மோசமாக நடுங்கியது. அதுவரை அவருக்குப் பயமே இல்லை என்று எண்ணியிருந்தேன். “அவ பதில் சொல்லாம இருந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் தம்பி, நீங்க தப்பிச்சு ஓடட்டும்னு உங்களை வாசலோரமா உக்கார வெச்சுட்டு நான் உள்பக்கமா உக்காந்தேன்.”