அரை இஞ்சுக்கு ஓர் அடி

பிரிண்ட் கொடுக்கும்போது திரையில் 'ஃபிட் டு பேப்பர்' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் இருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போட்டோ அடிப்பவர்களுக்கும் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களுக்கும் அது வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. படம் தாளைவிடப் பெரிதாக இருந்தால் கம்ப்யூட்டரே அதைச் சுருக்கித் தாளுக்குள் உட்கார வைத்துவிடும். ஆனால் வீட்டு வரைபடத்தைச் சுருக்கினால் என்ன ஆகும்? வீடு சுருங்கும். நான் கண்ணால் பார்த்தேன். இத்தனைக்கும் தப்பில் பாதி என்னுடையது. சரி, பாதிக்கு மேலேயே என்னுடையது.

நான் சிவில் டிப்ளமோ. ரெட்டிபாளையம் பக்கம் ஒரு காண்டிராக்டர் ஆபீஸில் எட்டு வருஷம் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டேன். லாரி போகிற ரோட்டோரம் ஆபீஸ். காலையில் துடைத்த கீபோர்டை மத்தியானம் மறுபடியும் துடைக்க வேண்டும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டேன். அரியலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டு, சொந்தமாக வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் வந்ததெல்லாம் சொந்தக்காரர்கள் வேலை. சொந்தம் இல்லாமல் என்னைத் தேடி வந்த முதல் ஆள் அந்த டீச்சர்தான்.

அவருக்கு ஊர் பூலாம்பாடி. சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் போய்விட்டன. வீல்சேரில்தான் எல்லாம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தனக்கென்று ஒரு ரூமும் அதை ஒட்டி ஒரு பாத்ரூமும் கட்ட வேண்டும் என்று போன் பண்ணினார். நேரில் போனேன். ரூமைப் பற்றிக் கேட்டதற்கு, "அது எப்புடி இருந்தாலும் சரிங்க" என்றார். பாத்ரூம் பேச்சு வந்ததும் குரல் மாறிவிட்டது.

"எனக்கு நாப்பது வயசு ஆவப் போவுதுங்க. இன்னி வரைக்கும் கதவச் சாத்திக்கிட்டு ஒரு நாள் குளிச்சது கெடையாது. தம்பி பொண்டாட்டிதான் தூக்கி உக்கார வெப்பா, கூடவே நிப்பா. தங்கமான புள்ள. இருந்தாலும் எனக்குக் கூசுதுங்க. நான் சேரோட உள்ள போவணும், நானே திரும்பணும், நானே கதவச் சாத்திக்கணும். அப்புடி ஒண்ணு வரஞ்சு குடுங்க, போதும்."

டேப்பை எடுத்து வீல்சேரை அளந்தேன். அகலம் இரண்டேகால் அடி. வாசலில் ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லி, மண்ணில் விழுந்த சக்கரத் தடத்தை அளந்தேன். குறுக்கே ஐந்தடி. ஆக, அந்த பாத்ரூமுக்குள் எதிலும் இடிக்காத ஐந்தடி வட்டம் ஒன்று காலியாக இருக்க வேண்டும். கதவு மூன்றடி இருக்க வேண்டும். இது குறைந்தால் அந்த அம்மாவுக்கு எல்லாமே போயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. தாளில் அரை இஞ்சு என்றால் தரையில் ஓர் அடி. அதைப் படத்துக்குக் கீழே பெரிதாக எழுதியும் வைத்தேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு இஞ்சுத் தாளில் அடிக்க வேண்டிய படம். அளவு எண்களை எல்லாம் மஞ்சள் நிறத்தில் போட்டேன். நாங்கள் வரைகிற திரை கறுப்பு. கறுப்பில் மஞ்சள் பளிச்சென்று தெரியும். எட்டு வருஷமும் அப்படித்தான் போட்டேன். ஆபீஸ் மெஷினில் எந்த நிறமும் தாளில் கறுப்பாகத்தான் விழும். ஏன் கறுப்பாக விழுகிறது என்று நான் ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

டீச்சரின் தம்பி சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வருகிறவர். அங்கே ஒரு பிரிண்ட் கடைக்கு வாட்ஸப்பில் படத்தை அனுப்பிவிட்டால் அவரே வாங்கிக்கொள்வார் என்று ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்துச் சின்னவளுக்குக் காய்ச்சல். படத்தை அப்படியே அனுப்பிவிட்டு, கடைக்காரரிடம், "அண்ணே, ரெண்டு காப்பி போட்டுடுங்க" என்று மட்டும் போனில் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. தம்பி வாங்கிப் போனார், மேஸ்திரி வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று செய்தி வந்தது. நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் போன் பண்ணினார். "செவுரு இடுப்பு ஒசரம் வந்துடுச்சுங்க. நேத்து சேர உள்ள வெக்கச் சொல்லிச் சுத்திப் பாத்தேன். திரும்ப மாட்டேங்குது. டேப்பு வெச்சு அளந்தேன், நாலரை அடிதான் வருது. நீங்க அஞ்சடின்னுதான சொன்னீங்க?"

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பெரம்பலூரில் இறங்கி நேரே பிரிண்ட் கடைக்குப் போய், "என்னண்ணே அடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் பதறிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். அன்றைக்குப் பதினெட்டு இஞ்சுத் தாள் தீர்ந்துவிட்டதாம். அதைவிடக் கொஞ்சம் சின்னதான ஏ3 தாளில் அடித்திருக்கிறார். "ஓரம் வெட்டுப்பட்டுடக் கூடாதேன்னுதாம்மா ஃபிட் போட்டேன். படம் முழுசா வந்துச்சே!" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் இரண்டு வார்த்தை கூடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பூலாம்பாடி போனதும் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. "படம் சின்னதா வந்திருந்தா என்ன மேஸ்திரி? அளவுதான் நம்பர் போட்டு எழுதியிருக்கே, அதப் பாத்துக் கட்ட வேண்டியதுதான? கண்ண எங்க வெச்சிருந்தீங்க?" என்று பொரிந்து தள்ளினேன். மனுஷன் பிளாஸ்டிக் கவரிலிருந்து தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, என் முன்னால் செங்கல் அடுக்கின் மேல் விரித்தார்.

"நம்பர் எங்கம்மா இருக்கு? காட்டுங்க."

தாளில் சுவர் இருந்தது, கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது. எண் ஒன்றுகூட இல்லை. தூக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளை வேட்டியில் மஞ்சள் தண்ணீர் பட்டு வெளுத்த மாதிரி அங்கங்கே ஏதோ தெரிந்தது. மஞ்சள் மஞ்சளாகவே விழுந்திருக்கிறது! எல்லாவற்றையும் கறுப்பாக அடி என்கிற ஏற்பாடு அந்தப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரோ செய்து வைத்தது. அது படத்தோடு கூடவே வராது. எட்டு வருஷம் யாரோ செய்த ஏற்பாட்டில் ஓட்டிவிட்டு, வேலை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நம்பர் இல்லன்னா ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"எதுக்கும்மா கேக்கணும்? அரை இஞ்சு ஒரு அடின்னு நீங்கதான எழுதியிருக்கீங்க." சட்டைப் பையிலிருந்து ஆறு இஞ்சு ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்துக் காட்டினார். "எங்க வேலையே இப்புடித்தான். ஸ்கேல வெச்சு எடுத்துக்குவோம். பாதிப் பேரு வெறும் கோடு போட்ட பிளான்தான் தராங்க. அதுல எத்தன வூடு கட்டியிருக்கேன்!"

ஸ்கேலை வாங்கி, சேர் திரும்ப நான் வரைந்திருந்த வட்டத்தின் மேல் வைத்தேன். இரண்டரை இஞ்சு இருக்க வேண்டியது இரண்டேகால் இருந்தது. இரண்டேகால் இஞ்சுக்கு நாலரை அடி. ஒரு விரல்கடை பிசகாமல், தாள் சொன்னபடியே கட்டியிருக்கிறார் மனுஷன்.

டீச்சர் வீட்டுப் பின்வாசலில் சேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "தப்பு என்னோடதுங்க டீச்சர்" என்றேன். என் வாழ்நாளில் இப்படிச் சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. மஞ்சள் எண், சுருங்கின தாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ஒரு மஞ்ச கலருக்காவாங்க?" என்றார். முகம் சிவந்துவிட்டது. "நான் எத்தன வருசமா இதுக்குக் காத்துக்கெடக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கியதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

சரி செய்ய வழி இருந்தது. நீளவாட்டில் சுருங்கியும் இடம் மிச்சம் இருந்தது, அகலம்தான் போதவில்லை. ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இருக்கிற சுவரை இடித்து ரூம் பக்கமாக ஓர் அடி தள்ளினால் போதும். ரூம் சின்னதாகும். "படுத்துத் தூங்க எம்புட்டு எடம் வேணும், இடிங்க" என்றார் டீச்சர். ஆனால் இன்னொரு தாளை நீட்டி, இதை நம்பிக் கட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கும் நம்ப மனசு வராது. அப்போதுதான் தோன்றியது: சுருக்கவே வேண்டாம். அடிக்கு அடி, நிஜ அளவிலேயே அடித்துவிட்டால் என்ன?

அவ்வளவு பெரிய தாளுக்கு எங்கே போவது? ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான். மறுநாள் காலையிலேயே பெரம்பலூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் போய் நின்றேன். சுவரைத் தள்ளிப் போட்டு, கோடு, எண் எல்லாவற்றையும் கறுப்பாக மாற்றி எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "போட்டோ எதும் இல்லீங்களா? யாரு வூட்டு விசேஷம்?" என்றார்.

"பாத்ரூமுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்ரூமுக்கு ஃப்ளெக்ஸ் வெக்கற மொத ஆளு நீங்கதாங்க. ஓரத்துல தலைவர் படம் ஒண்ணு போட்டுடவா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றபடி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். ஃபிட் இல்லை. நூற்றுக்கு நூறு. மெஷினிலிருந்து இறங்க இறங்க டேப்பை வைத்து அளந்தேன். குறுக்கும் நெடுக்கும், மூலைக்கு மூலையும் அளந்தேன். "ஏங்க, நான் அடிச்ச கல்யாண போர்டைக்கூட எவனும் இப்புடிப் பாத்ததில்ல" என்றார். வட்டம் ஐந்தடி. ஒரு நூல்கூடக் குறையவில்லை.

பூலாம்பாடியில் வாசலைக் கூட்டி அந்த ஃப்ளெக்ஸை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தோம். டீச்சர் சேரை உருட்டிக்கொண்டு கதவு வழியாக, அதாவது கோட்டில் விட்டிருந்த மூன்றடி இடைவெளி வழியாக, உள்ளே போனார். மேஸ்திரி குந்தியபடி சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் வட்டத்துக்குள்ளேயே சுழன்று வந்தது. தம்பி பொண்டாட்டி கையைத் தட்டிவிட்டாள்.

ஆனால் டீச்சருக்கு முகம் மலரவில்லை. கீழே ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு உள்பக்கம் திறப்பதைக் காட்டும் வளைகோட்டைக் காட்டி, "இந்தக் கதவு நான் இருக்கற எடத்துலதான வந்து நிக்குது? அப்ப நான் எப்புடிச் சாத்துவேன்?" என்றார். கணக்கு டீச்சர் அல்லவா! தம்பி ஒரு தகரத்தைக் கதவு மாதிரி பிடித்து மூடிப் பார்த்தார். டீச்சரின் முட்டியில் போய் இடித்தது. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி பிடித்தார். அதை இழுக்க டீச்சருக்குக் கை எட்டவில்லை.

முதல் தாள் சுருங்காமல், எண்ணெல்லாம் கறுப்பாக, ஒரு குறையும் இல்லாமல் வந்திருந்தாலும் அந்தக் கதவை அவரால் சாத்தியிருக்க முடியாது. நான் அழகாக வரைந்து, மேஸ்திரி அழகாகக் கட்டி, கடைசியில் தம்பி பொண்டாட்டியேதான் வந்து நின்றிருக்க வேண்டும்.

மேஸ்திரிதான் எழுந்தார். "தள்ளு கதவு போட்டுடலாங்க டீச்சர். செவுத்து ஓரமாவே ஓடும். ஒத்தக் கையால இழுத்தாப் போதும்." தகரத்தைக் கோட்டோரமாகவே வைத்துத் தள்ளிக் காட்டினார். பிறகு என்னிடம், "தாள்ல பாத்தா எனக்குக் கோடுதாம்மா தெரியும். இதுல ரூமாவே தெரியுது" என்றார். கைகழுவும் தொட்டிக்குப் பதிலாக ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நாலு சுவரிலும் நின்று பார்த்தார். டீச்சர் கை எட்டுகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். மத்தியானத்துக்குள் என் வரைபடம் பாதி மாறிவிட்டது. அப்படி மாறினதில் எனக்குக் கோபமே வரவில்லை.

அதன் பிறகு எந்தப் படத்தையும் நான் நேரில் நிற்காமல் அடிக்க விடுவதில்லை. எண்கள் கறுப்பு. படத்தின் ஓரத்தில் ஆறு இஞ்சுக் கோடு ஒன்று போட்டு, "முதலில் இதை அளந்து பாருங்கள்" என்று எழுதிவிடுகிறேன். மேஸ்திரிகளுக்கு அது பிடித்திருக்கிறது. அந்த மேஸ்திரி தன் ஆட்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார் போல. இப்போது பெரம்பலூர் பக்கமிருந்துதான் எனக்கு அதிக வேலை வருகிறது.

பூசு வேலை, டைல்ஸ் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரைப் பார்க்கப் போனேன். தம்பி பொண்டாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "குளிக்கறாங்கக்கா, உக்காருங்க" என்றாள். பின்பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் ஆயிற்று. கதவைத் தட்டிச் சொல்லட்டுமா என்று நான் எழுந்தேன்.

"ஐயோ, வேணாங்க்கா. உள்ள போனா ஒரு மணி நேரம் ஆவுது. யாரும் கூப்புடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

வீட்டில் காபி வர ஐந்து நிமிஷம் தாமதமானாலே கத்துகிற ஆள் நான். அன்றைக்கு மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி பொண்டாட்டியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.