பிஸ்கட் குரைத்த மத்தியானம்

யாழ்ப்பாணத்தில், போர் நடந்த என் இளவயதில், நாய் குரைத்தால் ஆமி வருகிறது என்று அர்த்தம். குரைப்புக்கு எதிர்த்திசையில் ஓடியே உயிர் தப்பியவன் நான். சிட்னியில், கெல்லிவில்லுக்கு அப்பால், புதர்க்காட்டு ஓரம் எழும்பும் புதுக் குடியிருப்புக்கு வந்த பிறகும் குரைப்புக் கேட்டால் கை நடுங்கும். எட்டு வயது மகள் அதைக் கவனித்துவிட்டாள். யாரும் சொல்லாமலே தன் நாய் பிஸ்கட்டைக் குரைக்காமல் இருக்கப் பழக்கினாள்.

போன கோடையில், அனல்காற்று வீசிய ஒரு மத்தியானம், இருவரையும் காணவில்லை. பாதி கட்டிய வீடுகளுக்கிடையே அவள் பெயரைக் கத்திக்கொண்டு அலைந்தேன். காற்று என் குரலை விழுங்கியது. எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். எதற்குள் தேடுவது?

அப்போது ஒரு நாய் குரைத்தது. கால்கள் பழக்கத்தில் பின்வாங்கின. பிறகு, வாழ்நாளில் முதல் முறையாக, குரைப்பை நோக்கி ஓடினேன்.

குரைப்பு வந்த வீட்டுக்குள், கைப்பிடி பொருத்தாத அறைக்கதவு ஒன்று காற்றில் அடித்துச் சாத்தியிருந்தது. உதைத்துத் திறந்தேன். வியர்வையில் தோய்ந்து, பிஸ்கட்டைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள்.

"கோவிக்காதேங்கோ அப்பா. கனநேரம் பொறுத்துப் பாத்தனான். பிறகு நான்தான் குரைக்கச் சொன்னனான்."

இப்போது பிஸ்கட் நினைத்தபோதெல்லாம் குரைக்கிறது. என் கை இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கினால் நடுங்கட்டும்.