டென்மார்க் தேருக்கு நெய்வேலித் தவில்

பண்ருட்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நான் வெயில் தாங்காமல் எஸ்.டி.டி. பூத்துக்குள் ஒதுங்குகிறேன். உள்ளே ஒரு பெண் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி, கோயில்களில் தவில் வாசிப்பவர். டென்மார்க்கில் ஈழத்தமிழர்கள் கட்டிய கோயிலின் முதல் தேருக்கு வாசிக்கப் போயிருக்கிறாராம்.

"அங்க ஒரே மழைங்க. தவுலு தோலு தொளதொளன்னு ஆயிடுச்சின்னு நேத்து அழுதுகினே பேசனாரு. இங்கன்னா வெயில்ல வெச்சா முறுக்கிக்கும்."

"இப்ப என்ன பண்றாரு?"

"கோயிலுக்கு வர்ற பொண்ணுங்க தலைமுடி காய வெக்கிற மிஷினை எடுத்தாந்து தோலுக்குக் காட்டிகினு இருக்காங்களாம். தேர் கெளம்பனா போன் வரும்."

போன் அடிக்கிறது. பூத்காரர் ஸ்பீக்கரை அழுத்துகிறார். டென்மார்க் கோயிலிலிருந்து ஓர் ஈழத்தமிழ்க் குரல்.

"அக்கா, தேர் வெளிக்கிட்டிட்டுது. கேளுங்கோ!"

அடுத்த நொடி தவில் இடி போல முழங்குகிறது. தோலில் துளித் தொய்வு இல்லை. ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வந்த கம்பெனி பஸ் வாசலில் நிற்கிறது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார்.

"யாரும்மா வாசிக்கிறது?"

"எங்க வூட்டுக்காரருங்க! தேர் போய்க்கினு இருக்குது!"

பஸ்ஸில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பூத்தைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள்.